குடல் அனுப்பும் தூது

நாம் உண்ணும் சோறு செரித்துச் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கிறது. அச்சர்க்கரையைத் தசை முதலிய உறுப்புகள் ஏற்றுக்கொள்ளத் துணைபுரிவது இன்சுலின் என்னும் ஹார்மோன். கணையத்தில் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் அணுக்கூட்டங்களை 1869-ஆம் ஆண்டில் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் விவரித்தார். அத்தீவுகளிலுள்ள பீட்டா அணுக்களே இன்சுலினைச் சுரப்பவை.

உணவு வந்த செய்தி அவ்வணுக்களுக்கு எவ்வாறு எட்டுகிறது? குருதியில் சர்க்கரை ஏறுவதால் என்பீர்கள். அவ்விடை பாதிதான் சரி. குளுக்கோஸை இரத்தக்குழாயில் செலுத்துவதைவிட, வாய்வழியே கொடுக்கும்போது இன்சுலின் மிகுதியாகச் சுரப்பதை 1964-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். எனவே, குடலிலிருந்து கணையத்திற்கு ஏதோ தூது செல்கிறது என்பது புலனாயிற்று.

அத்தூதுகளுள் ஒன்று ஜி.எல்.பி.-1. அமினோ அமிலங்களை மணிமாலைபோல் கோத்தாற்போன்ற பெப்டைடு ஹார்மோன் இது. சர்க்கரை உயர்ந்திருக்கும்போது இன்சுலின் சுரப்பைத் தூண்டும். சர்க்கரை தாழ்ந்தால் அத்தூண்டுதல் அடங்கிவிடும். இன்சுலின் ஊசியோ, அளவு மிகுந்தால் சர்க்கரையை ஆபத்தான நிலைக்குத் தாழ்த்திவிடும். அப்படியானால், இத்தூதையே மருந்தாக்கலாமே! அதற்கு ஒரு தடை இருந்தது. உடலிலுள்ள நொதி ஒன்று ஏறத்தாழ இரண்டே நிமிடங்களில் இதில் பாதியைச் சிதைத்துவிடுகிறது.

தடையை நீக்கும் வழி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை நிலங்களில் கிலா என்னும் நச்சுப் பல்லி வாழ்கிறது. அதன் நஞ்சில் ஜி.எல்.பி.-1-ஐ ஒத்த, 39 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு ஒன்று இருப்பதை ஜான் எங் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1992-இல் வெளியிட்டனர். அது அந்நொதிக்கு எளிதில் இரையாவதில்லை. அதனைச் செயற்கையாக ஆக்கிய எக்ஸெனடைடு என்னும் மருந்து 2005-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பின்னர், வாரம் ஒருமுறை போட்டால் போதுமான ஊசிகளும் வந்தன.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். தூது எத்தனை நன்றாயினும், அதைக் கேட்டு இன்சுலினைச் சுரக்கப் பீட்டா அணுக்கள் வேண்டும். முதல் வகை நீரிழிவில் அவை பெரும்பாலும் அழிந்துபோகின்றன. அந்நோயாளிக்கு இன்சுலினே உயிர். இம்மருந்துகள் நீரிழிவுக்கெனப் பயன்படுவது இரண்டாம் வகையினருக்கே. அதுவும் மருத்துவர் மேற்பார்வையில்.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்த மாணவன் ஒருவனிடம், "ஊசியை விட்டுவிடு" என்று பரிவோடு சொன்னவர்கள் உண்டு. பரிவுதான்; ஆனால் உயிரைப் பறிக்கக்கூடிய பரிவு. உங்கள் சுற்றத்தில் எவரேனும் புதுமருந்தின் புகழைக் கேட்டு இன்சுலினை நிறுத்த எண்ணினால், காரணத்தை எடுத்துச் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கற்ற அறிவியல் ஓர் உயிரைக் காக்குமாயின், அதனினும் சிறந்த தேர்ச்சி வேறு உண்டோ?