எழுத்துக்கு உருக்கொடுத்த கைகள்

 

எழுத்தின் உருவைப் பற்றிப் பேச இந்நிலத்தினும் ஏற்ற இடம் அரிது. ஆண்டிப்பட்டி வட்டத்தில், வையைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றிலுள்ளவை கிறித்துப் பிறப்புக்கு முற்பட்ட தமிழி எழுத்துகள். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோட் பூசலோடு அந்தவன் என்பானின் பெயரைச் சேர்த்து நிறுத்தியுள்ளது. கூடலூர் என்னும் ஊர்ப்பெயர் கம்பத்துக்கு அருகில் இன்றும் வாழ்கின்றதன்றோ?

அக்கல்லில் உளி இட்ட கோடு ஓலையில் வளைந்தது. புள்ளி குத்தினால் ஓலை துளைபடுமென்று ஏடெழுதியோர் பெரும்பாலும் அதனை விடுத்தனர். அதனால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி மயங்கின. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680-1747) நெடிலுக்குச் சுழித்த கொம்பு தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தார் என்பது அறிஞர் துணிபு.

இனி, ஈய எழுத்தின் வரலாற்றைக் காண்போம். இந்திய மொழிகளுள் தன்னெழுத்தில் முதற்கண் அச்சேறியது தமிழே. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலை அச்சிட்டார். அதற்கான எழுத்துகளைக் கோவாவில் வார்த்தவர் கொன்சால்வெசு. கொல்லத்தில் வார்த்தவர் பாரியா. பின்னர்ச் சீகன்பால்குவின் பணிக்கெனச் செருமனியின் ஆலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடி வந்தன. அவை அளவிற் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே ஆட்லர் என்பார் இங்கேயே சிற்றெழுத்துகளை வார்த்தார். சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் ஃகண்டு என்பார் எழுத்தை மேலும் நுண்மையாக்கினார். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகரமுதலி அவ்வச்சகத்தின் ஆக்கமே. இவர்கள் வந்தது சமயம் பரப்ப. ஆயினும் நம் எழுத்துக்கு இவர்கள் செய்த தொண்டை நன்றியோடு நினைப்பதே தமிழர் பண்பு.

அடுத்து நம்மவர் கை. யாழ்ப்பாணத்து முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தார். இத்தனை எழுத்துகளைச் சில விசைகளுள் அடக்க, நகரா விசை என்னும் உத்தியைக் கையாண்டார். தந்தை பெரியார் 1935இல் 'குடியரசு' இதழில் ணா, றா, னா, ணை, லை முதலாகப் பதின்மூன்று எழுத்துகளின் தனியுருவை விடுத்து, பிற எழுத்துகளைப் போலவே காலும் ஐகாரக் குறியும் சேர்த்து அச்சிடலானார். 1978 அக்குத்தோபர் 19இல் தமிழக அரசு அதனை ஆணையாக்கியது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஓலையும் ஈயமும் விசையும் நெருக்கியபோதுதான் எழுத்து தன் உருவைச் சற்றே மாற்றிக்கொண்டது. கணினிக்கோ அந்நெருக்கடி இல்லை. எவ்வுருவையும் அஃது ஏற்கும். எனவே, எண்ணிக்கையைக் குறைக்க உகர, ஊகார வரிசைகளையும் உடைக்க வேண்டுமென்று பின்னாளில் எழுந்த கருத்துக்கு இன்று என்ன கரணியம் உள்ளது? கற்றவன் பழைய நூலைப் படிக்க முடியாமற் போகும் மாற்றம் சீர்திருத்தமாகாது, அது வேரறுப்பு.

இன்று வேண்டுவது வேறு. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தொடங்கினார். அவர் வரைந்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. ஒரு தமிழர் தம் எழுத்தைத் தாமே வரைந்தால் உலக நிறுவனமும் ஏற்கும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால், நம் கடைத்தெருப் பதாகைகளைப் பாருங்கள்! ஆங்கில எழுத்துக்கு ஆயிரம் அழகு. தமிழுக்கோ கைக்குக் கிடைத்த ஏதோ ஓர் உரு. கொம்பு ஒடிந்தும் புள்ளி மறைந்தும் நிற்கிறது.

ஓவியம் வல்ல இளைஞர்களே, எழுத்தை வரையக் கற்றுக்கொள்ளுங்கள். ககர வரிசையிலே தொடங்குங்கள். சுழியின் அளவையும் கொம்பின் உயரத்தையும் நம் கண்ணே அளக்கட்டும்! மொழியை நாம் காப்போம் என்றால், அதன் முகத்தை வரைவதும் நம் கடனே.