மாப்பிள்ளையின் ஆடைக்கு உகந்த நிறம்



கலியாண வீட்டிலே மணமகளின் கூறையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அதன் நிறம் என்ன, கரை எத்தனை அங்குலம், எங்கே எடுத்தது என்று பந்தலுக்குள் கால் வைக்குமுன்னரே விசாரணை தொடங்கிவிடும். மாப்பிள்ளையின் உடையைப் பற்றியோ முன்னாளில் எவரும் பேசியதில்லை. வெள்ளைப் பட்டு வேட்டி, அதற்கு இணையான சால்வை, தலைப்பாகை என்பதோடு அவ்விடயம் முடிந்துவிடும். இன்று நிலைமை வேறு. எங்கள் கிரானிலிருந்து வாழைச்சேனைக்கோ மட்டக்களப்பு நகருக்கோ உடுப்பு எடுக்கச் செல்லும் வாலிபன், கறுப்புக் கோட்டா, நீலக் கோட்டா, வடநாட்டாரின் செர்வானியா என்று தெரியாமல் கடை நடுவிலே திகைத்து நிற்கிறான். பழைய மாணவர் சிலர் என்னிடமே வந்து இதைப் பற்றிக் கேட்டதுண்டு. படிப்பித்தவருக்கு எல்லாம் தெரியும் என்னும் நம்பிக்கை கிராமத்திலே இன்னும் அழியவில்லை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் பொருட்டாவது சிலவற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தது.

மட்டக்களப்புத் தமிழரிடையே மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வதே பெருவழக்கு என்பதை நேயர்கள் அறிவீர்கள். குடி தாய்வழி வருவது, வீடு மகளுக்குரியது. ஆகவே கலியாணத்தன்று அந்தத் தெருவார் கண்களுக்குப் புதியவராய் வருபவர் மணமகளல்லர், மாப்பிள்ளையே. அவர் அன்று எந்தக் கோலத்தில் படியேறினாரோ அந்தக் கோலத்தை மாமியார் வீட்டுக் கிழவிகள் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் சொல்லிக் காட்டுவார்கள். நிறத்தைப் பற்றி இளைஞர் கவலை கொள்வதை நான் வீண் கவலை என்று சொல்லமாட்டேன்.

முதலிலே இந்தக் கறுப்புக் கோட்டு எப்படி வந்தது என்று பார்ப்போம். 1814ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்தப் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதுவே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஆங்கிலக் கல்வி பரவ, கச்சேரி உத்தியோகமும் கோட்டும் அதன் பின்னே வந்தன. எம்மிடையே வாழும் பறங்கியருக்கும் கிறிஸ்தவருக்கும் கோட்டு தேவாலயக் கலியாணத்துக்குரிய உடையாயிற்று. அவர்களுக்கு அது இன்று பரம்பரை வழக்கம், அதிலே குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஐரோப்பாவிலும் ஆடவர் எக்காலமும் கறுப்பை உடுத்தியவரல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலே அங்குள்ள பிரபுக்கள் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகப் பட்டுச் சட்டை தரித்து மயில்போல் உலவினார்கள். அந்நூற்றாண்டின் இறுதியிலே அவர்கள் நிறத்தைத் துறந்தனர். புளூகல் என்னும் உளவியலறிஞர் 1930ஆம் ஆண்டில் இதனை ஆடவரின் பெருந்துறவு என்றே வருணித்தார். அவர்கள் துறந்துவிட்டு எஞ்சியதை நாம் அலங்காரம் என்று எடுத்துக்கொண்டோம்!

இவ்வாறு எடுத்துக்கொள்வதைக் கண்டித்தவர்களும் எமது நாட்டிலே இருந்தனர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களைத் தலைவராகக் கொண்டு 1905ஆம் ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அவரே அவ்வாண்டில் ‘இரவல் இறகுகள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலும் எழுதி, ஐரோப்பிய உடையை ஆராயாது பின்பற்றுவோரைச் சாடினார். தாயார் ஆங்கிலப் பெண்மணியாக இருந்தும் அவர் இவ்வாறு எழுதியது குறிப்பிடத்தக்கது.

இனி, கோட்டுத்தான் வேண்டுமென்று ஒருவர் உறுதியாக நின்றால், அவருக்கு ஒன்று சொல்வேன். கறுப்பு இரவு உடுப்பு ஆங்கிலேயரின் வழக்கப்படி மாலை விருந்துக்கே உரியது. காலை ஒன்பது மணி முகூர்த்தத்துக்கு அதைத் தரித்துக்கொண்டு வந்தால் எமது பெரியோர் அமங்கலம் என்பார்கள். ஆங்கிலேயரும் முகம் சுளிப்பார்கள். இரு தரப்பாரும் ஒத்துக்கொள்ளாத ஓர் உடைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? பகற்பொழுதுக்குச் சாம்பல் நிறமோ, கருநீலமோ, சந்தன நிறமோ தகும். கம்பளித் துணி வேண்டாம். வைகாசி வெயிலிலே அது மாப்பிள்ளையை அவித்துவிடும்.

நிறங்கள் இத்தனை பெருகியதற்கும் ஒரு காரணம் உண்டு. பழங்காலத்திலே துணிக்கு நல்ல சிவப்பு வேண்டுமாயின் மண்ணைத் தோண்டிச் சாயவேர் எடுத்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சியிலே மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அரசுக்கு வருவாய் தந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. நீலத்துக்கு அவுரி. வெள்ளைக்கோ சாயமே தேவையில்லை. வெளுப்பவரின் கைத்திறன் போதும். ஆடவருக்கு வெள்ளையும் பெண்ணுக்குச் சிவப்புமாக அமைந்த வழக்கத்தில் இந்தச் செலவுக் கணக்கும் ஓரளவு இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். 1856ஆம் ஆண்டில் பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது ஆங்கிலேய இளைஞர் மலேரியாவுக்குரிய குவினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். குவினைன் கிடைக்கவில்லை; ஊதாச் சாயம் கிடைத்தது. 1869ஆம் ஆண்டளவில் வேர் தரும் சிவப்பையும் ஆய்வுகூடத்திலே செய்யும் வழி கண்டுவிட்டார்கள். சாயவேர் வணிகம் படுத்தது. அன்று தொடங்கிய வண்ண வெள்ளந்தான் இன்று எங்கள் வாலிபனைக் கடை நடுவிலே திகைக்க வைக்கிறது.

அப்படியாயின் எதைக் கொண்டு தெரிவது? மாப்பிள்ளையின் உடை தனியே நிற்பதில்லை. கூறைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். பாரிஸ் நகரத்துக் கொபெலின் அரச நெசவுச் சாலையிலே சாயப்பகுதித் தலைவராயிருந்தவர் செவ்ரல் என்னும் இரசாயன அறிஞர். அங்கே நெய்த சில துணிகளிலே கறுப்பு போதிய அழுத்தமில்லாதிருக்கிறது என்று முறைப்பாடு வந்தது. அவர் சோதித்தார், சாயத்திலே குறையில்லை. அருகிலிருந்த நீலமும் ஊதாவுமே அந்தக் கறுப்பைச் சோரச் செய்தன. ஒரு நிறம் தன் அயல் நிறத்தை மாற்றிக் காட்டும் இந்த உண்மையை அவர் 1839ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார். கூறை பெரும்பாலும் சிவப்பு, அல்லது அரக்குச் சிவப்பு. சிவப்பின் அருகே தூய வெள்ளை மிக இலேசான பச்சைச் சாயலைப் பெற்றுக் குளிர்ந்து தோன்றும். சந்தன நிறப் பட்டு அவ்வாறு தோன்றுவதில்லை. பால் வெள்ளையிலும் பட்டின் இயல்பான இளமஞ்சள் கலந்த வெண்மை கூறையோடு நன்கு பொருந்துவது இதனாலேதான். ஆகையால் கூறையை முதலில் எடுங்கள். அதைக் கையோடு கொண்டுபோய், மாப்பிள்ளையின் துணியை அதன் மேல் வைத்து, கடை வாசலுக்குக் கொணர்ந்து பகல் வெளிச்சத்திலே பாருங்கள். கடை விளக்கின் கீழ் பொருந்தும் இரு நிறங்கள் வெயிலிலே பகைப்பதுண்டு. எமது தாய்மார் எந்த நூலும் படியாமலே வாசலுக்குத் துணியைக் கொண்டுவந்து பார்த்தவர்கள்.

இனி நான் சொல்ல வருவது சற்று மனவருத்தம் தருவது. புலிபாய்ந்தகல் பக்கம் வயல் செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்னதாக என்னிடம் வந்தார். சிறு வயது முதல் வெயிலிலே நின்று உழைத்த, நல்ல கறுத்த, திடமான தேகம். “சேர், வெள்ளை உடுத்தினால் நான் இன்னும் கறுப்பாகத் தெரிவேனாம், கறுப்புக் கோட்டுப் போட்டால் முகம் வெளுத்துத் தெரியுமாம், கடையில் சொல்கிறார்கள், உண்மையா?” என்று கேட்டார். முகத்துக்கு ஏதோ ஒரு களிம்பும் இரண்டு வாரமாகப் பூசி வந்திருக்கிறார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. செவ்ரல் கூறிய விதியும் அதுவே. நிழற்படக் கருவியும் பரந்த வெள்ளையைக் கண்டால் ஒளியைக் குறைத்து முகத்தை இருளச் செய்யும். ஆனால் முகம் கறுத்துத் தெரியக்கூடாது என்று யார் விதித்தார்கள்? அந்தப் பெண் இவரைப் பார்த்துத்தானே சம்மதித்தாள்? உடம்பின் நிறத்தை மறைப்பதற்காக உடையின் நிறத்தைத் தெரிபவன், தன் கலியாணத்துக்குத் தான் வராமல் வேறொருவனை அனுப்புகிறான் என்றே நான் கருதுகிறேன். எமது முன்னோர் கரிய மேனியுடைய கண்ணனுக்கு எந்த ஆடையை உடுத்தினார்கள்? பீதாம்பரம், அதாவது மஞ்சட் பட்டு. கரிய நிறத்தை அது மறைக்கவில்லை, எடுத்துக் காட்டியது. பொற்கரையிட்ட சந்தனப் பட்டை எடுக்குமாறும், நிழற்படக்காரரிடம் வேட்டியை விட்டு முகத்துக்கு ஒளியை அளக்கச் சொல்லுமாறும் கூறினேன். களிம்பை நிறுத்தும்படி சற்றுக் கடுமையாகவே சொன்னேன். வெளுக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றிலே பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட இத்தகைய பூச்சுகளை ஒழிப்பதென 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கையிலே உலக நாடுகள் இணங்கின. எனினும் அவை இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை.

வெள்ளையைப் பற்றி ஓர் ஐயம் எழலாம். இழவு வீட்டுக்கும் வெள்ளை, கலியாண வீட்டுக்கும் வெள்ளையா என்று ஒரு மாணவி வகுப்பிலே கேட்டாள். வேற்றுமை கரையிலே இருக்கிறது. கரையில்லாத வெள்ளை துக்கத்துக்குரியது. பொன்னோ சிவப்போ ஒரு விரலளவு கரை ஏறியதும் அதே துணி மங்கலமாகிவிடும்.

செலவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டு ஒரு நாள் உடுப்பு. பின்னர் அலுமாரியிலே பூச்சிக்கு இரை. ஒருநாட் கோட்டுக்காகத் தாயின் காப்பு அடகுக்குப் போவதை நான் கண்டிருக்கிறேன். வாடகைக்கு எடுத்தாலாவது கடன் குறையும். பட்டு வேட்டியோ கோயில் திருவிழாவுக்கும், தைப்பொங்கலுக்கும், பின்னொரு நாள் பிள்ளையின் ஏடு தொடக்கத்துக்கும் உதவும்.

கடைசியாக ஒன்று, இது எங்கள் ஊராருக்கு மாத்திரம். மாரி மழை மிஞ்சினால் கிரான் பாலத்தின் மேலால் வெள்ளம் பாய்ந்து, ஆட்கள் வள்ளத்திலே கடக்க நேர்வதை அறிவீர்கள். தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கும்போது நிலம் காய்ந்திருக்காது. சந்தனப் பட்டிலே சேறு பட்டால் எந்தச் சலவையாலும் முற்றாகப் போகாது. ஆகவே வழிக்கு ஒரு பருத்தி வேட்டியைக் கட்டிக்கொண்டு, பட்டைப் பெட்டியிலே வைத்துத் தோழனிடம் கொடுத்துவிடுங்கள். பெண் வீட்டாரின் அயலிலே ஓரிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். தலைப்பாகையை மாத்திரம் வீட்டிலிருந்தே தரித்து வரலாம். அவ்வளவு உயரத்துக்குச் சேறு வராது.