முட்டி தேய்மானம்: பெண்களுக்குத் தனிக் கணக்கு
(நமது டிரஸ்ட் நடத்திய பெண்கள் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நின்று தொழுதுவந்த உம்மா ஒருநாள் நாற்காலிக்கு மாறுகிறார். "வயசாயிடுச்சு" என்று நாமும் விட்டுவிடுகிறோம். அது வயது மட்டும் அல்ல என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான உறைதான் குருத்தெலும்பு. பேச்சில் அதையும் 'ஜவ்வு' என்கிறோம். அதற்கு நரம்பு இல்லை. தேயத் தொடங்கும்போது வலி தெரியாது. இரத்தக் குழாயும் இல்லை. தேய்ந்தால் தானாக ஆறுவது அரிது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743-லேயே இதை எழுதிவைத்தார்.

ஐம்பது வயதுக்கு மேல் இந்தத் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. கால்பந்து, கூடைப்பந்து ஆடும் பெண் பிள்ளைகளுக்கும் ஏ.சி.எல். என்னும் தசைநார் கிழிவது பையன்களைவிட அதிகம். அப்படி அடிபட்ட முட்டி சீக்கிரமே தேய்கிறது.

ஆராய்ச்சியிலோ ஆண் சுண்டெலிகளே அதிகம் பயன்பட்டன. ஒரே அறுவை செய்தாலும் ஆண் சுண்டெலிக்கே தேய்மானம் அதிகம் என்று 2007-இல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதரில் நிலைமை நேர் எதிர். 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், தசையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ஒப்பிட்டார்கள். குருத்தெலும்பை உருவாக்குவதில் ஆண் சுண்டெலியின் செல்கள் முந்தின. தசையை மீட்பதில் பெண் சுண்டெலியின் செல்களே முந்தியதை அதே ஆய்வகம் முந்தைய ஆண்டில் கண்டிருந்தது. ஆக, ஆணிடம் கிடைத்த முடிவை அப்படியே பெண்ணுக்குப் பொருத்த முடியாது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமும் 2016 முதல், விலங்கு ஆய்வுகளில் ஆண், பெண் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

இது நமக்கு எதற்கு? "ஊசி போட்டால் ஜவ்வு வளர்ந்துவிடும்" என்று யாராவது பெருந்தொகை கேட்கலாம். தேய்ந்த முட்டியை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் என்று நிரூபிக்கப்பட்ட ஊசி இன்றுவரை இல்லை. நகையை அடகு வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மனிதர்களிடம் சோதித்தார்களா? என் வயதுப் பெண்களிடம் சோதித்தார்களா? பெண்களுக்கு என்ன பலன் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்களா?

செலவில்லாத வழிகளும் உண்டு. எடை கூடியவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. தொடைத் தசை பலப்பட்டால் வலி தணியும். முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

வலியைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வது ஸபர் ஆகாது. இன்றிரவே வீட்டில் கேளுங்கள்: "உம்மா, முட்டி எப்படி இருக்கு?"

வஸ்ஸலாம்.