மூச்சு மருந்தும் ஒரு வாய்த் தண்ணீரும்



விமான நிலையத்தை ஒட்டிய நங்கநல்லூர், 2018-ஆம் ஆண்டு போகிப் புகைமூட்டத்தில் விமானங்களே தரையிறங்க வழியின்றித் திரும்பியதை அறிந்த ஊராகும். அத்தகைய காற்றைச் சுவாசிக்கும் ஆஸ்துமா நோயாளிக்கு இன்ஹேலரே உற்ற துணை. ஆயினும் நாக்கில் வெண்படலம் படிந்தது, குரல் கம்மியது, கை நடுங்கியது என்று கூறி, மருத்துவரையும் கேளாமல் அதை அலமாரியில் வைத்துவிடுவோர் பலர். இத்தொல்லைகளுள் பெரும்பாலானவை மருந்தை விடாமலே நீக்கத்தக்கவை.

இம்மருந்துகள் முதன்மையாக இருவகைப்படும். இறுகிய மூச்சுக்குழாய்த் தசையை உடனே தளர்த்தும் சால்பியூட்டமால் போன்றவை நிவாரண மருந்துகள். குழாயின் உட்புற வீக்கத்தை நாள்தோறும் தணிக்கும் புடசோனைடு போன்ற ஸ்டீராய்டுகள் தடுப்பு மருந்துகள். முன்னதால் கை நடுக்கமும் படபடப்பும் தோன்றினாலும் அவை சிறிது நேரத்தில் அடங்கும். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் உள்ள சால்பியூட்டமால், 100 மைக்ரோகிராம் கொண்ட ஓர் இழுப்பைப்போல் 40 மடங்கு என்பதை எண்ணினால், இன்ஹேலர் கடுமையான மருந்து என்னும் அச்சம் விலகும். நிவாரண மருந்து அடிக்கடி தேவைப்படுவது நோய் கட்டுப்படவில்லை என்பதற்கான எச்சரிக்கை.

தடுப்பு மருந்தின் தொல்லையோ வாயிலேயே தொடங்குகிறது. அழுத்தியவுடன் விரைந்து பாயும் மருந்தின் பெரும்பகுதி நுரையீரலைச் சேராமல் நாக்கிலும் தொண்டையிலும் தங்கிவிட, அங்கே கேண்டிடா என்னும் பூஞ்சை வளர்ந்து தயிர்த் திட்டுகள்போல் படிகிறது. குரல்வளையில் படியும் மருந்து குரலைக் கம்மச் செய்கிறது. பாட்டே வாழ்வானவர்க்கும் வகுப்பறையில் பேசி உழைப்பவர்க்கும் இது சிறு துன்பமன்று.

இதற்குரிய தீர்வு எளியது. அழுத்தும் வகை இன்ஹேலருடன், மருந்துத் துகள்களின் வேகத்தைத் தணிக்கும் குழல் போன்ற ஸ்பேசரைப் பொருத்த வேண்டும். மூச்சை மெல்ல உள்ளிழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். பின்னர் ஒரு வாய்த் தண்ணீரைத் தொண்டை வரை கொண்டுசென்று கொப்பளித்து, விழுங்காமல் துப்ப வேண்டும். பல் துலக்குவதற்குச் சற்று முன் மருந்தை எடுப்போர்க்கு இது தானே பழக்கமாகிவிடும். பொடி நிரம்பிய கேப்ஸ்யூல் வகைக்கு ஸ்பேசர் தேவையில்லை. அதை வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து, பின்னர் வாய் கொப்பளித்தல் போதும்.

அதிக அளவில் பல்லாண்டு எடுக்கப்படும் ஸ்டீராய்டு எலும்பையும் கண்ணையும் பாதிக்கக்கூடும் என்பது உண்மையே. ஆதலால் நோய் அடங்கியபின் அளவைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவரின் பணி. நோயாளி தானே திடீரென நிறுத்துவது மூச்சுத்திணறலை மீண்டும் அழைக்கும் செயல்.

பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் சில நிலையங்களில் வருவது, 1928-இல் காசநோயாளிகளுக்கெனத் தொடங்கப்பெற்ற தாம்பரம் சானடோரியம். இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. இத்துணை அருகில் வழிகாட்டுதல் இருக்க, ஐயத்தால் மருந்தைக் கைவிடுதல் முறையன்று. இன்ஹேலர் வைத்திருப்போர் அடுத்தமுறை மருத்துவரிடம் செல்லும்போது அதைக் கையோடு கொண்டுசென்று, இழுக்கும் முறையை அவர்முன் ஒருமுறை செய்துகாட்டுவாராக. இன்றிரவு மருந்தை எடுத்தபின், மறவாமல் வாய் கொப்பளிப்பாராக.