கும்பார்வாடா சட்டியும் குக்கர் வீடும்

மும்பையின் அணுசக்தி நகர் குடியிருப்பில் காலை ஏழு மணிக்கு ஒரு நடை நடந்து பாருங்கள். மாடிக்கு மாடி குக்கர் விசில்தான் கேட்கும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மண்சட்டியைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. செம்பூர், சயான் தாண்டினால் தாராவி. அங்கே 90 அடி சாலையை ஒட்டி இருக்கிறது கும்பார்வாடா என்னும் குயவர் குடியிருப்பு.

இந்தக் குயவர்களின் முன்னோர் குஜராத்தின் சௌராஷ்டிரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். முதலில் தென் மும்பையில் இருந்தார்கள். நகரம் வளர வளர ஓரங்கட்டப்பட்டு, 1930களில் தாராவிக்கு வந்து சேர்ந்தார்கள். வீடும் பட்டறையும் ஒன்றுதான். தெருப்பக்கம் விற்பனை, பின்பக்க முற்றத்தில் சூளை. ஒரே சூளையைப் பல குடும்பங்கள் முறை வைத்துப் பயன்படுத்துவதும் உண்டு. எரிபொருள் பெரும்பாலும் பஞ்சுக் கழிவு. அந்தப் புகையைப் பற்றிப் புகார் சொல்லாத அக்கம்பக்கம் கிடையாது. புகார் சொல்கிறவர்களே தீபாவளிக்கு அகல் வாங்கவும் அங்கேதான் போவார்கள்!

தை பிறந்தால் இதே 90 அடி சாலையில் நம் தமிழ்ப் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். மண் பிசைவது குஜராத்திக் கை, பொங்குவது தமிழ்ப் பானை. எவர்சில்வரும் பித்தளையும் அந்த வரிசைக்குள் நுழைந்துவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, பானை எப்படிப் பானையாகிறது? நம்மூர்க் குயவர் சக்கரத்தில் முழுப் பானையையும் முடித்துவிடுவதில்லை. வாயும் கழுத்தும் உடம்பும் சக்கரத்தில் எழும்பும். அடிப்பக்கம் திறந்தே இருக்கும். சற்று உலர்ந்ததும் மடியில் வைத்து, உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி மூடுவார். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து மண் இறுகும். அடி உருண்டையாக வருவதும் அப்படித்தான். தட்டையான அடியில் மூலைகள் இருக்கும். சூடு ஏறும்போது விரிசல் அங்கேதான் விழும். உருண்டை அடியில் சூடு சீராகப் பரவும். சமையல் சட்டிக்கான களிமண்ணில் மணலும் சேர்ப்பார்கள். கீறல் விழுந்தாலும் மேலே ஓடாமல் மணல் துகள் மறித்து நிறுத்தும்.

சூளையில் சூடு சுமார் 600 டிகிரியைத் தொடும்போது களிமண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு ஊறினாலும் அது மறுபடி சேறாகாது.

அணுசக்தி நகர்க்காரர்களுக்காக இன்னொரு செய்தி. டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்பவர்கள் சட்டையில் ஒரு வில்லை அணிந்திருப்பார்கள். அதிலுள்ள படிகம், தான் பெற்ற கதிர்வீச்சைச் சேமித்து வைக்கும். சூடுபடுத்தினால் ஒளியாக வெளிவிடும். அந்த ஒளியை அளந்தால் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று தெரிந்துவிடும். மண்பானையிலுள்ள குவார்ட்ஸ் மணலும் இதையேதான் செய்கிறது. சூளையின் சூடு பழைய கணக்கை அழித்துவிடும். அன்றிலிருந்து இயற்கைக் கதிர்வீச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். பழைய பானையோட்டைச் சூடாக்கி, வரும் ஒளியை அளந்து, அது எப்போது சுடப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்துக்கும் சூளைக்கும் இவ்வளவு நெருக்கம்!

இனி அடுப்படிக்கு வருவோம். புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். பிறகு அரிசி களைந்த நீரையோ கஞ்சியையோ ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டு, ஆறியபின் நல்லெண்ணெய் தடவி வையுங்கள். கஞ்சியின் மாவுச்சத்து நுண்துளைகளை அடைக்கும். கேஸ் அடுப்பில் ஆடாமலிருக்க இரும்பு வளையம் ஒன்று போதும். தீயைச் சிறிதாகத் தொடங்குங்கள். சூடான சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். சோப்பும் வேண்டாம், துளைகள் அதையும் குடித்துவிடும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும். புளி எவ்வளவு ஊற்றினாலும் மண் அதோடு சண்டை போடாது. ஈயம் பூசாத பித்தளை போடும். மீன்குழம்பு மறுநாள் ருசிப்பதில் சட்டிக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

மறுபடி கும்பார்வாடாவுக்கு வருவோம். 2022-இல் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. அடுக்குமாடியில் வீடு கொடுக்கலாம். சூளையை எந்த மாடியில் வைப்பது? குயவர்கள் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். பொங்கலுக்கு ஒரு பானையும் தீபாவளிக்குப் பத்து அகலும் வாங்கினால் அவர்கள் பிழைப்பு வருஷம் முழுக்க ஓடாது.

ஆகவே, அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு குழம்புச்சட்டி வாங்குங்கள். தண்ணீர்ப் பானை வேறு, அடுப்பில் ஏறும் சட்டி வேறு, கேட்டு வாங்குங்கள். பளபளவென்று சாயம் பூசியது சமையலுக்கு வேண்டாம். விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த சட்டி. பொத்தென்று கேட்டால் கீறல் இருக்கும், வேறு எடுங்கள்.