மகளுக்கு வைத்த வீடு: நம் பழைய ஊரும் புதிய குடியிருப்பும்
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



புதிய வீட்டின் திறப்பைக் கையில் வாங்குவதற்கு முன், நாம் விட்டு வரும் ஊரைப் பற்றிச் சற்றுப் பேசுவோம். ஊரைச் சரியாக விளங்கிக்கொண்டால்தான் எதைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது தெரியும்.

மீள்குடியேற்றம் நமக்குப் புதிதல்ல. 1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்போது கண்டி மன்னர் செனரத் அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை நம் ஊர்களும் மட்டக்களப்போடு சேர்ந்தவையே. அதற்கு முன்பிருந்தே இங்கு வாழ்ந்தவர்களும், பின்னர் வந்து சேர்ந்தவர்களும் கலந்து உருவான ஊர்கள் இவை.

கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அதில் நெசவுக்குப் பேர்போன மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக மாறி மாறி வருகின்றன. ஒருவர் மீன் கொண்டுவர, மற்றவர் நெல் விளைவிக்க, சந்தையில் எல்லோரும் சந்தித்தோம்.

கல்முனைக்குடியின் அடையாளம் கடற்கரைப்பள்ளி. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்தது அது. இங்கே அவரது கபுர் இல்லை. ஆனாலும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேறினால் ஊரே கடற்கரையில் நிற்கும். இந்தக் கொடியேற்றத்தை ஏற்காதவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் சிறுவயதில் அந்தக் கடற்கரைக் கடைகளில் இனிப்பு வாங்காதவர் குறைவு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அலை முதலில் வந்து மோதியதும் அந்தக் கரையில்தான். அதற்குப் பிறகும் அங்கே கொடி ஏறுகிறது.

பள்ளிவாசலைச் சுற்றி ஊர் அமைந்தது. ஊருக்குள் குடிகள் இருந்தன. ஒருவர் எந்தக் குடி என்பதைத் தாய்வழியே சொன்னார்கள். குடிக்கொரு மரைக்காயர் பள்ளி நிருவாகத்தில் இருந்து, வழக்குகளையும் விசாரித்தார். இன்று குடியின் பிடி தளர்ந்துவிட்டது. ஆனால் அதனோடு வந்த ஒரு வழக்கம் தளரவில்லை: வீடு பெண்பிள்ளைக்குரியது.

உம்மாவும் வாப்பாவும் சிறுகச் சிறுகச் சேர்த்து மகளுக்கு வீடு கட்டுவார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அடுத்த மகளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு. இப்படி வளவு துண்டு துண்டாகி, ஊர் நெருங்கி, இடமில்லாதவர்கள் கடலை நோக்கி நகர்ந்தார்கள். அந்த நெருக்கம் அன்று பல உயிர்களைக் கொண்டுபோனது. ஆனால் அதே வழக்கம்தான், கணவனை இழந்த பெண்ணும் கைவிடப்பட்ட பெண்ணும் தெருவில் நிற்காமல் காத்தது. வீடு அவளுடையது, ராத்தாவும் தங்கச்சியும் வேலிக்கு அப்பால்.

இங்கேதான் உங்கள் கவனம் தேவை. நிவாரணப் படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் பெரும்பாலும் கணவரின் பெயரே எழுதப்படுகிறது. பழைய வீடு மனைவியின் பெயரில் இருந்திருக்கும். புதிய வீடு கணவரின் பெயரில் வந்துவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த சொத்து ஒரு கையெழுத்தில் கைமாறிவிடும்.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

வீடு யாருடைய பெயரில் பதிவாகிறது என்று கையெழுத்திடும் முன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். கேட்கும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள்.

உங்களுக்குத் தரப்படுவது உறுதியா, அரச காணிக்கான அனுமதிப்பத்திரமா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி மகளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. அதன் நிபந்தனைகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய உறுதி அலையோடு போயிருந்தால் மனம் தளர வேண்டாம். பதிவு செய்யப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம்.

கடற்கரையில் உள்ள பழைய வளவைப் பற்றிப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே வீடு கட்டத் தடை இருப்பது ஒரு விடயம். காணியின் உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு விடயம்.

குடியேறியதும் புதிய இடத்தின் பள்ளிவாசல் ஜமாஅத்தில் பெயரைப் பதியுங்கள். தனியாக வாழும் பெண்களின் பெயர்களும் அதில் விடுபடக் கூடாது.

புதிய குடியிருப்பில் மகளுக்கு வீடு வைக்க வளவு இருக்காது. மாடிவீடானால் மேலே கட்டவும் முடியாது. அதற்கு என்ன வழி என்று இப்போதே குடும்பமாகப் பேசுங்கள். முன்னோர் இந்த மணலில் ஊரை அமைத்தபோது முதலில் யோசித்தது பள்ளியையும் பெண்பிள்ளையின் வீட்டையும்தான். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

வஸ்ஸலாம்.