படத்துக்கு ஒரு கையெழுத்து

திருமலைக் கோயிலின் சுவர்களில் ஏராளமான கல்வெட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை தமிழ். அவற்றுள் பலவற்றின் கடைசி வாசகத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். தருமம் செய்தவர் யார், நிவேதனம் என்ன என்பதெல்லாம் சொல்லி முடிந்தபின், ஸ்ரீவைஷ்ணவர்களின் ஆணைப்படி இதனை எழுதியவர் கோயில் கணக்கர் திருநின்றவூருடையான் என்று பொறித்திருக்கும். யார் சொல்ல யார் எழுதியது என்பது விளங்காத சாசனம் வழக்கென்று வந்தால் நிற்காது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அதே காரியத்தை இன்று படங்களுக்குச் செய்ய முற்பட்டிருக்கிறார்கள். 2021-இல் அடோபி, மைக்ரோசாஃப்ட், இன்டெல், பி.பி.சி. முதலிய நிறுவனங்கள் கூடி 'சி.டூ.பி.ஏ.' என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின. எந்தக் கருவியால் எடுத்தது, எப்போது எடுத்தது, பிறகு என்ன திருத்தம் நடந்தது என்ற விவரங்கள் மின்முத்திரையோடு படத்திலேயே சேர்க்கப்படும். பின்னர் எவரேனும் படத்தில் கைவைத்தால் முத்திரை பொருந்தாது. 2023-இல் லைக்கா கம்பெனி இவ்வசதி அமைந்த காமிராவை வெளியிட்டது. விலையோ பல லட்ச ரூபாய். நம் சித்தூர் நிருபர் அதைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம்!

சித்தூரிலும் புத்தூரிலும் செய்தி சேகரிப்பவர்கள் சாதாரணக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அது படத்தைச் சுருக்கும்போது உடன்வரும் விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. முத்திரையில்லாத படமெல்லாம் பொய் என்று உலகம் பழகிவிட்டால், முதலில் நம்பிக்கை இழப்பது இவர்களுடைய படங்களே. இது சிறிய விஷயமன்று. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசல வனத்தில் தமிழ்நாட்டு மரவெட்டிகள் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் கடத்தியவர்கள் தாக்கியதால் சுட்டோம் என்றனர் போலீஸார். பிடித்துச் சென்று சுட்டார்கள் என்றனர் மறுத்தவர்கள். அத்தகைய இடத்தில் ஓர் ஏழை நிருபர் எடுக்கும் படம், கருவி மலிவானது என்பதற்காகத் தள்ளப்படலாமா?

அவருடைய பெயரைப் படத்தில் பொறிப்பதும் ஆபத்தே. நல்லவேளையாக, எடுத்தவர் பெயரைக் கூறவேண்டும் என்று இந்த ஏற்பாடு வற்புறுத்துவதில்லை. பத்திரிகை அலுவலகமே படத்தைப் பெற்றுச் சரிபார்த்துத் தன் முத்திரையை இடலாம். திருமலையிலே திருப்பணி நடந்தபோது பழைய சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டினார்கள் அல்லவா? அதுபோன்ற வேலைதான். முத்திரைக்குரிய சான்றிதழை ஒவ்வொரு சிறு பத்திரிகையும் தனித்தனியே வாங்குவது கடினம். பல பத்திரிகைகள் ஒன்றுகூடிப் பெறுவதே தக்கது என்பது நம் கருத்து. விவரங்களும் தெலுங்கிலும் தமிழிலும் தெரியவேண்டும். இந்த எல்லைப்புறத்தில் ஒரே தெருவில் இரண்டு மொழியும் வழங்குகின்றன.

முத்திரை உண்மைக்கே சாட்சி என்றும் எண்ணிவிடக் கூடாது. எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். கணக்கர் எழுத்து, தருமம் செய்தவருடைய குணத்துக்குச் சான்றாகுமா?

அதுவரையில் நிருபர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் அது சுருங்காது, கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும். எடுத்த மூலப்படத்தையும் கைப்பேசியிலிருந்து அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.